வெரிகோசீல்: கூச்சப்படாமல் கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: வயது 24. இடது விதைப்பையில் நரம்பு சுருண்டு கிடப்பதுபோல் இருக்கிறது. கைப்பழக்கத்தால் வந்ததா? இனி குழந்தை பிறக்காதா?

பதில்: தம்பி, கைப்பழக்கத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது வெரிகோசீலாக இருக்கலாம். விதையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாய்களில் வால்வு சரியாக மூடாமல், ரத்தம் தேங்கிப் புடைத்துக்கொள்வதுதான் அது. இடது பக்கக் குழாய் நீளமானது, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயில் செங்கோணத்தில் போய்ச் சேர்கிறது. அதனால்தான் பெரும்பாலும் இடது பக்கமே வருகிறது. நூறு ஆண்களில் சுமார் 15 பேருக்கு இது உண்டு. பெரும்பாலானவர்கள் சிகிச்சையே இல்லாமல் அப்பா ஆகிறார்கள். ஒருமுறை யூராலஜி டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். லாட்ஜில் ரூம் போட்டு, ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பயமுறுத்தி லேகியம் விற்பவர்களிடம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள்.

கேள்வி: ஸ்கேனில் லேசான வெரிகோசீல் என்று வந்திருக்கிறது. வலி இல்லை, விந்துப் பரிசோதனையும் நார்மல். ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள்.

பதில்: இப்போதைக்குத் தேவையில்லை. உங்களை நிற்கவைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி, டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தாரா? அதுதான் முதல் பரிசோதனை. கைக்குத் தட்டுப்படாமல் ஸ்கேனில் மட்டும் தெரிவதற்கு ஆபரேஷன் செய்வதில்லை. இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

கேள்வி: கல்யாணமாகி மூன்று வருஷம். எனக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று. கணவரோ, ‘உறவில் எனக்கு ஒரு குறையும் இல்லையே, நான் எதற்கு டெஸ்ட் எடுக்கணும்’ என்கிறார்.

பதில்: மூன்று வருஷமாக உங்களுக்கு மட்டும் ஊசி குத்தியது அநியாயம், சகோதரி. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. விறைப்பு நன்றாக இருப்பது வேறு, உயிரணு எண்ணிக்கை வேறு. விந்து கெட்டியா, தண்ணியா என்று கண்ணால் பார்த்தும் சொல்ல முடியாது.

விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். லேப் தரும் டப்பாவில்தான் பிடிக்க வேண்டும். எச்சில், எண்ணெய், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. முதல் சில துளிகள் கீழே போய்விட்டால் கூச்சப்படாமல் லேபில் சொல்லிவிடச் சொல்லுங்கள், உயிரணு அதிகம் இருப்பது அதில்தான்.

அப்புறம் ரிப்போர்ட். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் உயிரணு எண்ணிக்கையின் கீழ் அளவு மில்லிக்கு 1.6 கோடி. அதற்குக் கீழே வந்தாலும் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. ‘சரியான வடிவம் 5 சதவீதம்’ என்று பார்த்ததும் பல ஆண்கள் உடைந்துபோகிறார்கள். 4 சதவீதம் இருந்தாலே போதும். இடையில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தாலும் எண்ணிக்கை இறங்கும். குறைவாக வந்தால் இன்னொரு முறை எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்கிறார்கள். உயிரணு கூடுமா?

பதில்: குறையும், பூஜ்யத்துக்கே போகலாம். ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால், மூளை விதைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். ஊசியை விட்ட பிறகும் பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் தொடவே கூடாது.

கேள்வி: வெரிகோசீல் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம். எண்ணிக்கை ஏறவே இல்லை.

பதில்: ஒரு உயிரணு உருவாக இரண்டரை மாதம்போல் ஆகும். மூன்று மாதம் முடியட்டும், அதற்குமுன் டெஸ்ட் எடுத்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வயது 46. வலது பக்கம் மட்டும் திடீரென்று வந்திருக்கிறது. படுத்தாலும் வற்றவில்லை.

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள் சார். சிறுநீரகத்திலோ வயிற்றுக்குள்ளோ கட்டி ஏதும் ரத்தக்குழாயை அடைக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், இந்த வாரமே போங்கள். எல்லோருக்கும் இன்னொன்று: விதையில் திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் அது வெரிகோசீல் என்று நினைத்து வீட்டில் இருக்காதீர்கள். விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் பெரும்பாலும் அதைக் காப்பாற்ற முடியும். நடுராத்திரியாக இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்பிவிடுங்கள்.