நெகட்டிவ் ஹார்மனி: கார்டைத் திருப்புங்கள், பேஸை விட்டுவிடுங்கள்

கேள்வி: சி மேஜரில் ஒரு எலக்ட்ரானிக் ஜாஸ் ட்ராக் செய்கிறேன். டி மைனர் 7, ஜி 9, சி மேஜர் 7 என்ற கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசையை இரண்டாம் பகுதியில் நெகட்டிவ் ஹார்மனியாக, அதாவது சுரங்களைக் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பி, மாற்றினேன். ஒலி கலங்கலாக இருக்கிறது, முடிவு வந்து உட்காரவில்லை, மெலடியும் மோதுகிறது. என்ன தப்பு?

பதில்: எல்லாவற்றையும் திருப்பியதுதான் தப்பு.

சுவிஸ் இசையமைப்பாளர் எர்ன்ஸ்ட் லெவியின் கோட்பாட்டிலிருந்து வந்த இந்த முறையில், சி-யும் ஜி-யும் இடம் மாறும். டி-க்கு எஃப், இ-க்கு இ ஃபிளாட், ஏ-க்கு பி ஃபிளாட், பி-க்கு ஏ ஃபிளாட். ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எண் தரும் மிடியில் 127-இலிருந்து சுரத்தின் எண்ணைக் கழித்தால் போதும்: 60 போய் 67 வரும். ஸ்கேல் சி இல்லையென்றால், சி-யிலிருந்து அது எத்தனை செமிடோன் (அரைச் சுரம்) மேலே இருக்கிறதோ அதன் இரட்டிப்பை 127-உடன் கூட்டிக்கொள்ளுங்கள். எஃப் என்றால் 137.

ஜி 9-ஐ 43, 53, 57, 59, 62 என்று வாசித்திருந்தால், திருப்பியதும் 84, 74, 70, 68, 65 ஆகும். பெயரிட்டுப் பார்த்தால் பி ஃபிளாட் 9. ஜாஸ்காரர்கள் பல காலமாக 'பேக்டோர்' என்று சொல்லி, ஜி 7-க்குப் பதிலாக சி-க்குப் போகப் புழங்கும் அதே கார்டு. புதுமை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சிக்கல் வாய்சிங்கில், அதாவது கார்டின் சுரங்களை மேலும் கீழுமாக அடுக்கும் விதத்தில். கீழே அகலமாகவும் மேலே நெருக்கமாகவும் இருந்த சுரங்கள் தலைகீழாகிவிட்டன. இதை இரண்டு ஆக்டேவ் இறக்கினால் 41, 44, 46, 50 எல்லாம் அடியில் நெருக்கியடிக்கும், கலங்கல் அங்கிருந்துதான். ஒரே ஆக்டேவ் இறக்குங்கள். கார்டு ட்ராக்கில் 150 ஹெர்ட்ஸ் அளவில் ஹை-பாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் ஃபில்டர்) போடுங்கள்.

பேஸைத் தனி ட்ராக்கில் கையால் எழுதுங்கள்: ஜி 31, பி ஃபிளாட் 34, சி 36. மோனோ சைன் அலை போதும். பேஸையும் திருப்பினால் பி ஃபிளாட் 9-க்கு அடியில் சி வந்து நிற்கும். வீட்டுக்குப் போகும் முன்பே வீடு வந்துவிட்ட மாதிரி, கார்டில் இழுவையே இருக்காது.

முடிவு உட்காராததற்குக் காரணம், சி மேஜர் 7 திரும்பி ஏ ஃபிளாட் மேஜர் 7 ஆவது. அதைத் திருப்பாமல் விட்டால் ஜி மைனர் 7, பி ஃபிளாட் 9, சி மேஜர் 7 என்று நன்றாக இறங்கும். இருட்டான முடிவு வேண்டுமென்றால் மூலத்தில் சி 6 வைத்துத் திருப்புங்கள். சி மைனர் 7 கிடைக்கும்.

மெலடிக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. சி மேஜரிலும் அதன் பிம்பமான சி நேச்சுரல் மைனரிலும் பொதுவாக இருப்பவை சி, டி, எஃப், ஜி. ஹுக்கை (மனதில் நிற்கும் மெலடித் துண்டை) இந்த நான்கில் எழுதினால் இரண்டு பகுதியிலும் அப்படியே ஓடும். சி மேஜர் 7 மீது மட்டும் எஃப்-ஐ நீட்டிப் பிடிக்காதீர்கள், கீழே இருக்கும் இ-யோடு உரசும்.

ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள் வைத்திருப்பவர்கள் 'ஸ்கேல்' மிடி எஃபெக்டில் 12 சுரங்களையும் இப்படி மாற்றிவைக்கலாம். ஆக்டேவ் புரளாததால் கலங்கலும் குறையும். டிரம் ட்ராக்கில் மட்டும் அதைப் போட வேண்டாம். கிக் அடித்தால் வேறு டிரம் ஒலிக்கும்.