டிரிஃப்டர்ஸ்: 1953 குரலும் 1959 குரலும்

டிரிஃப்டர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் குழுவின் ஒரே பாடல் தொகுப்பில் 'மணி ஹனி'யில் ஒரு குரல், 'தேர் கோஸ் மை பேபி'யில் வேறு குரல், ஒரே குழுதானா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. ஆட்கள் வேறு, பெயர் மட்டும்தான் ஒன்று.

1953இல் டாமினோஸ் குழுவை விட்டு வெளியே வந்த பாடகர் கிளைட் மக்ஃபாட்டரை அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் அகமத் எர்டெகன் தேடிப் பிடித்தார். அவருக்காகவே உருவான குழு இது. முதல் ஒலிப்பதிவு திருப்தி தரவில்லை, ஆட்களை மாற்றினார்கள். தேவாலயப் பாட்டில் ஊறிய த்ராஷர் சகோதரர்களும் பில் பிங்க்னியும் வந்தார்கள். 'மணி ஹனி'யில் மக்ஃபாட்டருக்குப் பின்னால் இவர்கள் சேர்ந்து பாடுவதைக் கவனியுங்கள், ஞாயிறு ஆராதனையின் வாசனை அப்படியே இருக்கும்.

அடுத்த வருடமே மக்ஃபாட்டர் ராணுவத்துக்குப் போனார். குழுவில் தன் பங்கை மேலாளர் ஜார்ஜ் டிரெட்வெல்லிடம் விற்றுவிட்டார். வினையே அங்கேதான். பாடகர்களுக்குச் சம்பளம் மட்டும். பெயர் முதலாளிக்குச் சொந்தம். 1958இல் டிரெட்வெல் மொத்தக் குழுவையும் அனுப்பிவிட்டு, ஃபைவ் கிரவுன்ஸ் என்ற வேறொரு குழுவுக்கு அதே பெயரைச் சூட்டினார். அதில் இருந்தவர்தான் பென் இ. கிங். 'தேர் கோஸ் மை பேபி'யில் கேட்கும் 1959 குரல் அவருடையது.

அப்புறம், 1956இன் 'ரூபி பேபி'யும் 1964இன் 'அண்டர் தி போர்டுவாக்'கும் ஒரே குரலாகக் கேட்டால் குழம்பாதீர்கள். இரண்டிலும் பாடியவர் ஜானி மூர். இடையில் விலகித் திரும்பி வந்தவர்.