சிந்தசைசரில் மூழ்கிக் கிடக்கும் மகனுக்கு என்ன படிப்பு?

மகன் நாள் முழுவதும் கணினியில் சிந்தசைசர் என்னும் ஒலி உருவாக்கும் மென்பொருளில் ஏதோ ஒரு சத்தத்தைத் திருகிக்கொண்டே இருக்கிறான், ஒரு பாட்டுகூட முழுதாகப் போட்டதில்லை, இதில் என்ன எதிர்காலம் என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டு முடியாததை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அவன் எதைத் திருகுகிறான், ஏன் திருகுகிறான் என்று பார்த்துத்தான் படிப்பைச் சொல்ல முடியும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது எல்எஃப்ஓ (லோ ஃப்ரீக்வென்சி ஆசிலேட்டர்). நொடிக்குச் சுமார் 20 முறைக்கும் குறைவாக ஆடும் அலை. அது நேரடியாகக் காதில் விழாது. கைக்குப் பதிலாக வேறொரு குமிழை ஆட்டும். பிட்ச்சில் (சுருதி உயரத்தில்) மாட்டி நொடிக்கு 5, 6 முறை லேசாக ஆட்டினால் பாடகர் குரலில் வரும் அசைவு கிடைக்கும். ஒலியளவில் மாட்டினால் சத்தம் ஏறி இறங்கும். ஃபில்டரின் கட்ஆஃபில், அதாவது ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும் எல்லையில் மாட்டினால் ஒலி வாயைத் திறந்து மூடுவது போல இருக்கும்.

ஒரு நாள் பக்கத்தில் உட்காருங்கள். எல்எஃப்ஓவைச் சதுர அலைக்கு (இரண்டு நிலைகளுக்கு இடையே சட்டெனத் தாவும் அலைக்கு) மாற்றி ஒலியளவில் மாட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு தாவலிலும் 'டிக்' என்று கேட்கும். அந்த டிக்கை அவன் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். வேகத்தைப் பாட்டின் தாளத்தோடு பொருத்தி (120 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 120 அடியில், ஒரு அடிக்கு ஒரு சுற்று என்றால் 2 ஹெர்ட்ஸ், நொடிக்கு 2 சுற்று) அதையே ஒரு தாளமாக்கினால், அவனுக்கு ஒலி வடிவமைப்பில் காது இருக்கிறது. வீடியோ கேம், திரைப்படம், சிந்தசைசர் நிறுவனங்களுக்கான பிரீசெட் (முன்கூட்டியே அமைத்துத் தரும் ஒலிகள்) எல்லாம் அந்தப் பக்கம்தான். கேம் ஒலிக்கான வைஸ் மென்பொருளிலும் இதே எல்எஃப்ஓ உண்டு. ஆனால் அங்கே ஒப்பந்த வேலைகள் அதிகம் என்பதையும் மனதில் வையுங்கள்.

'ஏன் டிக் வருகிறது' என்று நோண்ட ஆரம்பித்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். ஒலியளவு ஒரே கணத்தில் தாவுவதால் அலை நடுவில் அறுபடுகிறது. தாவலைச் சில மில்லிநொடிக்குப் பரப்பினால் சத்தம் போய்விடும். இதை யோசிக்கிற பையன் ஆடியோ புரோகிராமிங் பக்கம் போகலாம். அவனையே ஒரு எல்எஃப்ஓ எழுதச் சொல்லுங்கள். கணினி ஒலியை நொடிக்கு 44,100 சாம்பிளாக (தனித்தனி அளவீடாக) வைத்தால் 5 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்கு 8,820 சாம்பிள். இந்தக் கணக்கும் சைன் சார்பும் தெரிந்தால் சில வரிகளில் எழுதிவிடலாம். பள்ளியில் அலுப்பாகத் தெரிந்த திரிகோணமிதி அங்கே காதில் கேட்கும்! வேகத்தை 20 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றிப் பார்க்கட்டும். அசைவு மறைந்து புதிய ஒலிநிறமே பிறக்கும்.

என் யோசனை இது: சிக்னல் பிராசசிங் (ஒலி போன்ற அலைகளைக் கணக்கிட்டு மாற்றுவது) பாடம் உள்ள மின்னணுவியல் அல்லது கணினி அறிவியல் பட்டம், கூடவே சி++ நிரல்மொழி, அப்புறம் அதில் ஆடியோ மென்பொருள் எழுத உதவும் ஜூஸ் ஃபிரேம்வொர்க். எந்தப் பக்கம் போனாலும் இது கைகொடுக்கும். அதிகக் கட்டணம் வாங்கும் குறுகிய காலப் பயிற்சிகளில் இப்போதே சேர்க்காதீர்கள். மென்பொருளுக்கும் செலவு வேண்டாம். சிந்தசைசர் மென்பொருள்களில் சர்ஜ் எக்ஸ்டி இலவசம், வைட்டலுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. அவன் உருவாக்கிய ஒலிகளில் நல்லதாகச் சிலவற்றை, எந்த எல்எஃப்ஓ எதை ஆட்டுகிறது என்ற குறிப்போடு ஒரு ஃபோல்டரில் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது அதை எடுத்து வாருங்கள், மூவரும் சேர்ந்து கேட்போம்.