துடைப்பம், விளக்குமாறு, சீமாறு: மூன்றும் ஒன்றுதானா?

ஒன்றுதான் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் எங்கள் தருமபுரிப் பக்கம் "சீமாறு எடுத்துட்டு வா" என்று சொன்னால், எதை எடுக்க வேண்டும் என்பது கூட்டப்போகும் இடத்தைப் பொறுத்தது. வாசலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் தென்னை ஈர்க்கில் கட்டியது. டைல்ஸ் போட்ட கூடத்துக்குப் பூந்துடைப்பம். கொட்டகையைக் கூட்டியதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஆயா (பாட்டி) சும்மா விடாது.

விளக்குமாறில் இருப்பது எரிகிற விளக்கு இல்லை. பல் விளக்குகிறோம், பாத்திரம் விளக்குகிறோமே, அந்த விளக்குதல். 'மாறு' என்றால் குச்சி. பஞ்சு எடுத்து முடிந்ததும் காட்டில் காய்ந்து நிற்கும் செடியைப் பருத்திமாறு என்கிறோம்; துவரை அறுத்த பிறகு மிஞ்சுவது துவரைமாறு. அந்தத் துவரைமாற்றையே நாலு கைப்பிடி சேர்த்துக் கட்டினால் களம் கூட்ட ஆகும். ராகி அடித்த களத்தில் சண்டு (பதரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஒதுக்க அது போதும், கடைச் சரக்கு தேவையில்லை. சீமாறும் இதே வழிதான்: கோழி குப்பையைச் சீய்க்கிறதே, அந்தச் சீய்த்தல். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் சீபுரு, கன்னட வீடுகளில் பொரகெ. தெற்கே நெல்லை, குமரியில் வாரியல். தேவாரத்தில் அப்பர் கோயிலைப் பெருக்குவதை 'அலகிடுதல்' என்கிறார். அலகு என்றாலும் துடைப்பம்தான். அந்தப் பொருளில் அந்தச் சொல் இன்று பேச்சில் இல்லை.

திட்டுவதற்கு மட்டும் தனி விதி. அங்கே துடைப்பம் செல்லாது, தொடப்பக்கட்டைதான். தேய்ந்து கட்டையாகிப் போனது என்பதால் அவமானம் இன்னும் ஒரு படி கூடுதல். தகுதிக்கு மீறிய அலங்காரத்தைப் பார்த்தால் "விளக்குமாத்துக்குப் பட்டுக் குஞ்சமா" என்பார்கள். இவ்வளவு ஏச்சு வாங்கிய பொருள்தான் ஆம் ஆத்மி கட்சியின் சின்னமாகி 2013-இல் டெல்லித் தேர்தலைச் சந்தித்தது. இன்னொரு பக்கம், அது லட்சுமி, காலில் படக்கூடாது, விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே தள்ளக்கூடாது என்றும் சொல்வார்கள். இரண்டையும் ஒரே வாய்தான் சொல்லும்!

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனால் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வாசலுக்கா, உள்ளுக்கா என்று சொல்லிக் கேளுங்கள். பூந்துடைப்பம் வாங்கினால் வீட்டுக்கு வெளியே வைத்து நன்றாகத் தட்டிவிட்டு உள்ளே எடுங்கள். புதிதில் அது கூட்டுவதைவிடக் கொட்டுவதுதான் அதிகம்.