மூன்று இடத் தொகுதி (கடிதமும் பதிலும்)

ஐயா,

1948-இல் அமைந்த 13-ஆவது ஐரிஷ் கீழவையின் (டோயில்) 147 உறுப்பினர்களையும் கட்சிவாரியாக நோட்டில் எழுதிப் பார்த்தேன். அதுவரை பிரதமராயிருந்த டி வலேராவின் ஃபியன்னா ஃபோயில் கட்சிக்கு 68 பேர். அடுத்து வந்த ஃபினா கேலுக்கு 31தான். தோற்றவர்கள் கூடி ஆட்சியைப் பிடித்தது மக்கள் தீர்ப்பை ஏமாற்றியதாகாதா? பத்தே பேர் கொண்ட மக்பிரைடின் கட்சிக்கு இரண்டு அமைச்சர் பதவி ஏன்?

அன்புள்ள தம்பி,

147 பெயரையும் கையால் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொறுமைக்காகவே இந்தப் பதில்.

ஏமாற்று என்ற பேச்சே வேண்டாம். பெரும்பான்மைக்கு 74 வேண்டும். பிரதமரை அவை வாக்கெடுத்துத்தான் தேர்கிறது. டி வலேரா 70–75 என்று தோற்றார், ஃபினா கேலின் கோஸ்டெல்லோ 75–68 என்று வென்றார். அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் ‘பத்தே பேர்’! அங்கேதான் கோபம் வருகிறது. மக்பிரைடின் கிளான் ந பொப்லக்தா வாங்கியது 13 சதவீத வாக்கு. விகிதப்படி 19 இடம் வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை என்று கேட்காமல் பதவியை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

அங்கே ஒரு தொகுதியிலிருந்து பலர் தேர்வாவார்கள். வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுவார். குறைந்த வாக்கு வாங்கியவர் வெளியேற, அவர் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். 1947-இல் டி வலேரா அரசு தொகுதிகளைத் திருத்தியது. மூன்று இடத் தொகுதிகள் 15-லிருந்து 22 ஆயின. ஏழு இடத் தொகுதிகள் மூன்றும் போயின. இதன் விளைவைக் கணக்காகப் போட்டால்தான் புரியும். செல்லுபடியான வாக்கை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிய எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டு, ஒன்று சேர்த்தால் ஒருவர் வெல்லத் தேவையான வாக்கு. 40,000 வாக்குள்ள தொகுதியில் மூன்று இடம் என்றால் 10,001. ஐந்து இடம் என்றால் 6,667. 13 சதவீதம் என்பது 5,200 வாக்கு. ஐந்து இடத் தொகுதியில் இது வெல்லத் தேவையானதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, மிச்சம் அடுத்த விருப்ப வாக்குகளில் வந்துவிடும். மூன்று இடத் தொகுதியிலோ பாதிதான்.

கட்சியின் தவறும் உண்டு. 93 பேரை நிறுத்தினார்கள். 5,200-ஐ மூன்று பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்குச் சுமார் 1,730. முதல் ஆள் விழுந்ததும் அவர் வாக்கெல்லாம் சகாவுக்கே போகாது. சில பக்கத்து ஊர்க்காரருக்குப் போகும். இரண்டாம் விருப்பமே எழுதாத சீட்டு அங்கேயே செத்துப்போகும். ஒவ்வொரு சுற்றிலும் இப்படி ஒழுகும்.

பதவி விஷயம் சின்னது. டில்லன் என்பவர் கட்சியே இல்லாமல் வேளாண் அமைச்சரானார். ஒவ்வொரு வாக்கும் தேவைப்பட்ட அவை அது. 1951-இல் பால் விலைக்காக நாட்டுப்புற உறுப்பினர்கள் சிலர் விலகியதும் அரசு ஆட்டம் கண்டது.

அந்த நோட்டை மறுபடி எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தத் தொகுதிக்கு எத்தனை இடம் என்று எழுதுங்கள். பிறகு அந்தப் பத்துப் பேரையும் தேடிப் பாருங்கள்.