கரி கிரில்லின் காற்றுத் துளையில் ஏறும் பிசுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், மூடி போட்டுக் கரியில் சமைக்கும் கிரில் அடுப்பின் காற்றுத் துளையைப் பற்றியவை. ஆனால் அடைத்திருப்பது மேல் துளையா, கீழ்த் துளையா என்பதைப் பலர் சொல்லவே இல்லை. மேலே அடைப்பது பிசுக்கு, கீழே அடைப்பது சாம்பல். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அடுத்த முறை இதையாவது குறிப்பிட்டு எழுதுங்கள்.

மூடியில் உள்ள மேல் துளையைத் திறந்து மூடும் தகடு இறுகிவிட்டது. சுத்தியலால் தட்டலாமா?

கூடாது. மூடியின் எனாமல் பூச்சு கண்ணாடியைப் போன்றது. ஒரு சில்லு பெயர்ந்தாலும் அந்த இடத்தில் துரு பிடித்துவிடும். பிசுக்கு குளிர்ந்தால் இறுகும், சூடுபட்டால் இளகும். கொதிநீரில் நனைத்துப் பிழிந்த தடித்த துணியைத் தகட்டின்மேல் போட்டு, ஆற ஆற மாற்றி, அரை மணி நேரம் வையுங்கள். பிறகு தகட்டை இரு பக்கமும் சிறிது சிறிதாக அசையுங்கள். ஒரே திருப்பில் திறக்கப் பார்த்தால் கைப்பிடிதான் வளையும்.

மேல் துளையை முறையாகச் சுத்தம் செய்வது எப்படி?

முதலில் கிரில் ஆற வேண்டும். கை பொறுக்கும் வெதுவெதுப்பு இருக்கும்போது தொடங்குவது நல்லது. தடித்த படிவை மரச் சுரண்டியால் எடுத்துவிடுங்கள். சமையல் சோடாவைச் சிறிது நீரில் குழைத்துப் பூசி, 20 நிமிடம் கழித்து, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெந்நீரும் பழைய பல் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். தகட்டுக்கும் மூடிக்கும் இடையே உள்ள சந்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், இறுகல் தொடங்குவதோ அங்கேதான். தகட்டை மெல்லத் திருப்பியபடியே பிரஷ்ஷின் நுனியை உள்ளே விடுங்கள். கடைசியில் ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து உலர்த்துங்கள்.

ஓவன் அடுப்பைச் சுத்தம் செய்யும் காரத் திரவம் வீட்டில் இருக்கிறது. அதைத் தெளித்தால் வேலை சீக்கிரம் முடியுமே?

வேலை முடியும், தகடும் முடிந்துவிடும். அத்தகைய திரவங்கள் பலவற்றில் காஸ்டிக் சோடா உண்டு. பல கிரில்களின் துளைத் தகடு அலுமினியம், அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா அரித்துத் தின்றுவிடும். உங்கள் தகடு எந்த உலோகம் என்பதை நீங்கள் எழுதவில்லை. தெரியாவிட்டால் சோப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புகை குறையட்டும், சூடு வெளியேறாமல் இருக்கட்டும் என்று மேல் துளையை எப்போதும் முக்கால் பங்கு மூடி வைக்கிறேன். நன்றாகக் கழுவியும் நாலைந்து முறை சமைப்பதற்குள் தார் போலப் பிசுக்கு ஏறிவிடுகிறது. எதைக் கொண்டு கழுவினால் வராது?

எதைக் கொண்டு கழுவினாலும் வரும். காரணம் உங்கள் கேள்வியின் முதல் வரியிலேயே இருக்கிறது. பல ஆண்டுகளாக இதையே எழுதி வருகிறேன், இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.

கரி எரியக் காற்று கீழிருந்து ஏற வேண்டும், எரிந்த வாயு மேலே வெளியேற வேண்டும். வெளியேற வழி இல்லையென்றால் புதுக் காற்று உள்ளே வராது. அப்போது நெருப்பு முழுதாக எரியாமல் குமைகிறது. கெட்டிப் புகை மூடிக்குள்ளேயே சுழல்கிறது. சொட்டிய கொழுப்பின் ஆவியும் நீராவியும் அதோடு சேர்கின்றன. இவை எல்லாம் வெளியேற நீங்கள் விட்டிருப்பது ஒரு சிறு சந்து. வெளிக்காற்று பட்டுச் சற்றுக் குளிர்ந்திருக்கும் அந்த விளிம்பில் புகை மோதியதும் தாராகப் படிகிறது. மூடியைத் தூக்கும்போது பழுப்பு நிறத்தில் சொட்டுவதும் அதுதான். அது சமைத்த பண்டத்தில் விழுந்தால் கசக்கும். கசப்புக்குக் கரியைக் குறை சொல்லிக் கரியை மாற்றிக்கொண்டே இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

சூட்டைக் கீழ்த் துளையால் ஆளுங்கள். முழுதும் திறந்தால் கடுஞ்சூடு, பாதி திறந்தால் நடுத்தரம், கால் பங்கு திறந்தால் மெல்லிய சூடு. மாற்றிய பிறகு 10, 15 நிமிடம் பொறுங்கள், விளைவு தெரிய அவ்வளவு நேரம் ஆகும். மேல் துளை சமையல் முடியும்வரை திறந்தே இருக்கட்டும். குறைத்தே ஆக வேண்டுமென்றால் பாதியோடு நிறுத்துங்கள். சமைத்து முடித்து நெருப்பை அணைக்கும்போது மட்டும் இரண்டையும் முழுதாக மூடுங்கள். கரியின்மேல் சாம்பல் பூக்கும் முன்பே சமைக்கத் தொடங்குவதும், ஈர விறகுத் துண்டுகளைப் போடுவதும் இதே பிசுக்கைத்தான் கொண்டுவரும். துளையைத் திறந்து வைத்துப் பத்து முறை சமைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

மூடியின் உட்புறம் கருப்பாக உரிகிறது. பெயின்ட் உதிர்கிறதா?

எனாமல் மூடி என்றால் அது பெயின்ட் அல்ல, கரிந்த கொழுப்பும் புகைக்கரியும். ஆறியபின் கசக்கிய அலுமினியத் தாளால் மெல்லத் தேய்த்தால் வந்துவிடும்.

தகடு எளிதாகத் திரும்பச் சமையல் எண்ணெய் தடவலாமா?

வேண்டாம். சூட்டில் எண்ணெய் இறுகி வார்னிஷ் போலாகும், தகடு முன்னைவிட மோசமாக ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த தகட்டில் மென்மையான பென்சிலை அழுத்தித் தேயுங்கள். அதன் கிராஃபைட்டே போதும்.

நெருப்பு அரை மணியில் அணைந்துவிடுகிறது. மேல் துளை சுத்தமாகத்தான் இருக்கிறது.

கீழே பாருங்கள். சாம்பல் குவிந்து துளையை மூடியிருக்கும். ஒவ்வொரு முறை மூட்டும் முன்பும் பழைய சாம்பலை வாரிவிட வேண்டும். வாரும் முன் அது ஆறிவிட்டதா? நீறு பூத்த நெருப்பு மேலே தெரியாது. ஒரு நாள் பொறுங்கள், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. அப்போதும் மூடியுள்ள உலோக வாளியில்தான் கொட்ட வேண்டும், பிளாஸ்டிக் பையில் அல்ல. சாம்பலைக் கிரில்லுக்குள் விட்டு வைத்தால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரச் சாம்பல் காரமானது, அடித்தட்டையும் கீழ்த் துளைத் தகட்டையும் அரித்துவிடும். தண்ணீரைப் பீய்ச்சிச் சாம்பலைக் கழுவுகிறேன் என்று ஒருவர் பெருமையாக எழுதியிருக்கிறார். தயவுசெய்து உடனே நிறுத்துங்கள்.

கம்பிப் பிரஷ் பயன்படுத்தலாமா?

நான் பயன்படுத்துவதில்லை. உதிர்ந்த கம்பி இழை உணவோடு தொண்டைக்குள்ளும் குடலுக்குள்ளும் போய்த் தைத்து, அறுவை சிகிச்சை வரை சென்றவர்கள் உண்டு.

துளை வழியே தீ நாக்கு வெளியே வந்தது. தண்ணீர் ஊற்றினேன். சரிதானே?

இல்லை. எரியும் கொழுப்பில் தண்ணீர் பட்டால் அது சிதறித் தெறிக்கும். உங்களுக்குக் காயம் படாதது நல்ல காலம். மூடியை மூடி, கையுறையோடு இரண்டு துளைகளையும் அடையுங்கள். தீ தணிந்தாலும் உடனே திறந்து பார்க்காதீர்கள். காற்று உள்ளே பாய்ந்தால் மறுபடி பற்றும்.

மழைக்காலத்தில் கிரில்லைக் கார் நிறுத்தும் அறைக்குள் வைத்து, கதவைத் திறந்துவிட்டு மூட்டலாமா?

கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. திறந்த கதவை நம்பாதீர்கள். சமைத்து முடித்த கிரில்லையும் முழுதாக ஆறும்வரை உள்ளே கொண்டுவராதீர்கள், துளைகளை மூடியிருந்தாலும் சரி.