ஜெர்மனி, பிரிட்டன்: மருத்துவச் செலவை யார் ஏற்கிறார்கள்?

இரு நாடுகளிலும் ஏறக்குறைய எல்லோருக்கும் மருத்துவம் கிடைக்கும்போது, முறைகளில் வேறுபாடு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் வரும் வழியில்தான் வேறுபாடு தொடங்குகிறது.

ஜெர்மனியின் அன்றைய சான்சலர் (ஆட்சித் தலைவர்) பிஸ்மார்க் காலத்தில், 1883இல் இயற்றப்பட்ட சட்டத்திலிருந்து வளர்ந்த ஜெர்மானிய முறையில், அரசிடமிருந்து தனித்து இயங்கும் காப்பீட்டு நிதியங்கள் ஊதியத்தில் 14.6 விழுக்காட்டைச் சந்தாவாகப் பெறுகின்றன. மாதம் 3,000 யூரோ ஈட்டும் தொழிலாளிக்கு இது 438 யூரோ. அதில் 219 யூரோவை முதலாளி செலுத்துவார். நிதியத்துக்கு நிதியம் மாறுபடும் கூடுதல் சந்தாவும் இவ்வாறே பாதியாகப் பகிரப்படுகிறது. வருமானமற்ற துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தனிச் சந்தா இல்லை என்பதே இம்முறையின் ஆகச் சிறந்த கூறு என்பேன். மருத்துவமனையில் தங்கினால் நாளொன்றுக்கு 10 யூரோ கட்ட வேண்டும். அதுவும் ஆண்டுக்கு 28 நாட்களுக்கு மட்டுமே.

பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் தேசிய சுகாதார சேவை பெரும்பாலும் வரிப்பணத்தில் இயங்குகிறது. சிகிச்சைக்குக் கட்டணமில்லை, ஆனால் மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்தில் மட்டும் பலர் கட்டணம் செலுத்துகிறார்கள். அவசரமல்லாத சிகிச்சைக்குப் பொதுவாகக் குடும்ப மருத்துவரின் பரிந்துரை தேவை. பரிந்துரைத்த 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கு இங்கிலாந்தில் பல ஆண்டுகளாகவே எட்டப்படவில்லை.

ஜெர்மனியில் சிறப்பு மருத்துவரைப் பெரும்பாலும் நேரடியாகவே அணுகலாம். எனினும் அதிக வருமானத்தால் தனியார் காப்பீட்டுக்கு மாறியவர்களுக்கு முன்னுரிமை கிடைக்கிறது என்ற மனக்குறை அங்கே தீராதது.